மூச்சுக்கும் ஒரு பேரேடு



அன்றைய வரவு செலவை எழுதி முடிக்காமல் நம்மவர் கடையைப் பூட்டுவதில்லை. ஆனால் ஈளை நோய், அதாவது ஆஸ்துமா உள்ள வணிகரிடம், "சென்ற வாரம் எத்தனை முறை பம்பு அடித்தீர்கள்?" என்று மருத்துவர் கேட்டால், "ஏதோ இரண்டு மூன்று தடவை இருக்கும்" என்றே பதில் வருகிறது. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தப் பதிலைப் பொறுத்தது. ஆகவே மூச்சுக்கும் கணக்கு வேண்டும். அதை எழுதும் கருவி இன்று நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது, அதுதான் கைத்தொலைபேசி.

மூச்சுக் குழாய்களின் உட்புறம் வீங்கிக் குழாய் சுருங்குவதே ஈளை. பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் நிவாரணப் பம்பு, சுருங்கிய குழாயைச் சில நிமிடங்களில் விரிக்கும். சில மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது ஆற்றாது. ஆற்றுவது தடுப்புப் பம்பு. இளைப்பு இல்லாத நாளிலும் மருத்துவர் சொன்னபடி அதை எடுக்க வேண்டும். உடனே சுகம் தருகிறது என்று நீலப் பம்பை மட்டும் நம்புவது, கைமாற்று வாங்கியே கடை நடத்துவதை ஒக்கும். பெரியவர்கள் நிவாரணப் பம்பை மட்டும் கொண்டு காலந்தள்ளலாகாது என்று ஜினா என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

நாம் எழுத வேண்டிய கணக்குகள் மூன்று.

முதலாவது, பம்புக் கணக்கு. பம்பில் மாட்டும் சிறு உணர்கருவி, அடித்த நாளையும் நேரத்தையும் தானே குறித்துத் தொலைபேசிக்கு அனுப்பும். அது இல்லாதவர் தொலைபேசியின் குறிப்புப் பக்கத்தில் எழுதினாலும் போதும். இளைப்புக்காக வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நீலப் பம்பு தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

இரண்டாவது, ஊதும் கணக்கு. மூச்சின் வேகத்தை அளக்கும் குழாய்க் கருவி மருந்துக் கடைகளில் கிடைக்கும். நலமாக இருக்கும் நாளில் ஊதிய உச்ச அளவே நமது முதல். அது 400 என்றால், 320-க்கு மேல் நலம். 200-க்கும் 320-க்கும் இடையே எச்சரிக்கை. 200-க்குக் கீழே அபாயம். இதைச் செயலியில் பதிந்து வந்தால், இளைப்பு வருமுன்னே சரிவு கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, காற்றுக் கணக்கு. 2013 ஜூனில் புகைமூட்டம் சூழ்ந்தபோது சிங்கப்பூரின் காற்றுத் தரக் குறியீடு 401-ஐத் தொட்டது; மூவாரில் அது 700-ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இக்குறியீடு 100-ஐத் தாண்டினால் காற்று உடலுக்கு ஆகாதது. காலையில் தொலைபேசியில் இதைப் பார்த்துவிட்டு, மூட்டை இறக்கும் வேலையை ஈளை உள்ள சிப்பந்திக்குக் கொடுக்காதிருப்பது முதலாளியின் கடமை. மிளகாய்த் தூளும் சவுளித் தூசியும் பறக்கும் இடத்தில் நிற்பவர் வேலைக்கு அஞ்சி இளைப்பை மறைக்கிறாரா என்றும் நாம் கவனிக்க வேண்டும்.

ரமலானில் தடுப்பு மருந்தை நிறுத்திவிடுவோர் நம்மிடையே உண்டு. அது ஆபத்து. காலை மாலை எடுக்கும் மருந்தை ஸஹருக்கும் நோன்பு துறப்புக்கும் மாற்ற இயலுமா என்று மருத்துவரைக் கேட்டு, அந்நேரங்களில் தொலைபேசி மணியடிக்கும்படி வைக்கலாம். பகலில் பம்பு அடித்தால் நோன்பு முறியுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. நம் ஆலிமிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்வோம். ஆனால் மூச்சு திணறும் வேளையில் பம்பு எடுக்கத் தயங்கலாகாது. நோயாளிக்குச் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது.

தொலைபேசி கணக்குப்பிள்ளைதான்; வைத்தியர் அல்ல. ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பம்பு அடித்தும் தணியாவிட்டாலோ, கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்: சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அடுத்த முறை கிளினிக் போகும்போது ஒரு மாதக் கணக்கை மருத்துவர் முன் வைப்போம்.