ஹவானாவின் ஒட்டு வண்டிகள்

கியூபாவின் தலைநகரான ஹவானாவில், 1950களில் செய்யப்பட்ட அமெரிக்க மகிழுந்துகள் இன்றும் தெருவில் ஓடுகின்றன. செவர்லே, பியூக், பிளைமவுத் என்னும் பெயர்கள் முகப்பில் மின்னும். பின்புறத்தில் மீன்துடுப்புப் போன்ற தகடுகள் நிமிர்ந்து நிற்கும். முன்மூடியைத் திறந்து பார்ப்பவர்க்கோ வியப்புக் காத்திருக்கும். உள்ளே இருப்பது சோவியத் நாட்டு வோல்காவின் எந்திரமாக இருக்கலாம். ஜப்பானிய டீசல் எந்திரமாகவும் இருக்கலாம்.

தடையும் தேவையும்

இந்நிலை விருப்பத்தால் வந்ததன்று. 1959இல் புரட்சி வென்றது. அடுத்த ஆண்டே கியூபாவுக்கான ஏற்றுமதியை அமெரிக்கா பெரும்பாலும் நிறுத்தியது. 1962இல் வணிகத்தடை முழுமையாயிற்று. அதன்பின் புதிய அமெரிக்க வண்டிகளும் அவற்றுக்கான உதிரி உறுப்புகளும் முறையான வழியில் வரவில்லை. சோவியத் வண்டிகள் வந்தன. அவற்றை அரசே பகிர்ந்தளித்தது. புரட்சிக்கு முற்பட்ட வண்டிகளை மட்டுமே மக்கள் தம் விருப்பப்படி வாங்கவும் விற்கவும் 2011 வரை சட்டம் இடந்தந்தது. ஆகவே, தாத்தாவின் வண்டி நிலபுலம் போலப் பேரனுக்கு வந்து சேர்ந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது எரிபொருளும் அருகியது. பெட்ரோலைக் குடித்துத் தீர்த்த பழைய எந்திரங்களைக் கழற்றிவிட்டுச் சிக்கனமான டீசல் எந்திரங்களைப் பொருத்தும் வழக்கம் பரவியது.

கைவைத்தியம்

இல்லாமையைச் சமாளிக்கும் இத்திறனைக் கியூபர்கள் 'ரெசொல்வேர்' என்னும் ஸ்பானியச் சொல்லால் குறிப்பர். 'தீர்வு காணல்' என்பது அதன் நேர்ப்பொருள். 'எப்படியாவது ஒப்பேற்றுதல்' என்பதே நடைமுறைப்பொருள். லாடாவின் உறுப்பு செவர்லேயில் ஏறும். எரிபொருள் தொட்டி துருவேறி ஓட்டையானால் நெகிழிக் கேன் அதன் வேலையைப் பார்க்கும். வீட்டுச் சுவருக்கு வாங்கிய வண்ணமே வண்டிக்கும் பூசப்படும். நான்கு சன்னல்களுக்கும் கைப்பிடி ஒன்றே எஞ்சியிருக்கும் வண்டியில், மழை வந்ததும் ஓட்டுநர் அதைப் பின்னிருக்கைக்கு நீட்டுவார். பயணிகள் ஒருவர்பின் ஒருவராக வாங்கித் திருகிக்கொள்வர்.

நகைப்புக்குரிய இவ்வுத்திகளுள் ஒன்று மட்டும் அச்சுறுத்துவது. பிரேக் எண்ணெய் கிட்டாத நாள்களில் ஷாம்பூவில் சர்க்கரை முதலியவற்றைக் கலந்து ஊற்றியதுண்டு. பிரேக் எண்ணெய் 200 பாகை செல்சியசைத் தாண்டியும் கொதிக்காதவாறு செய்யப்படுவது. தண்ணீர் மிகுந்த கலவையோ அதற்கு வெகு முன்பே கொதித்துவிடும். நீர்மத்தை அழுத்திச் சுருக்குதல் அரிது. ஆவியை எளிதில் சுருக்கலாம். எனவே, குழாயில் ஆவிக்குமிழ் தோன்றினால், மிதித்த விசை சக்கரத்தைச் சென்றடையாது. மிதிகட்டை தரையைத் தொடும், வண்டி நில்லாது. சரிவான சாலையில் இக்கைவைத்தியத்தின் விலை உயிராகவும் இருக்கலாம்.

பழம்பொருள் சேகரிப்போர் இவற்றைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. அசல் உறுப்புகள் இல்லையெனில் ஏலத்தில் மதிப்பில்லை என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்கு ஹவானாவுக்குப் பொருந்தாது. இங்கு இவ்வண்டிகளுள் பல, குறித்த தடத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் பங்கு வாடகை வண்டிகள். 'அல்மென்ட்ரோன்', அதாவது 'பெரிய வாதுமை', என்பது அவற்றின் செல்லப்பெயர். உருண்டு திரண்ட வடிவத்தால் வந்த பெயர் அது. அன்றாடம் ஓடினால்தான் ஓட்டுநர் வீட்டில் அடுப்பெரியும். பயணிகள் இறங்கும்போது ஓட்டுநர் கூலியைக் கேட்பதற்கு முன்பே கதவை மெதுவாகச் சாத்துமாறு கேட்டுக்கொள்வார்.