கானமயில் நிலத்தில் கற்ற வேலை

கானமயிலைக் காக்கும் வேலைக்கு வர விரும்பும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, உயரழுத்த மின்கம்பிக்கு அடியில் நடக்கப் பழகுங்கள் என்பதுதான். எனக்குச் செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் ஊர். கோட்டையின் ராஜகிரிப் பாறைகளைப் பார்த்து வளர்ந்தவன். ஆண்டின் பெரும்பகுதி ஜெய்சல்மேர் மணலில் கழிகிறது. ஊருக்கு வந்தால் பறவை பார்க்கும் இளைஞர்கள் தேடி வந்து, "சார், எந்த பைனாகுலர் வாங்கலாம்?" என்று கேட்பார்கள். பைனாகுலர் வேண்டும்தான். ஆனால் தார் பாலைவனத்தில் கானமயிலுக்காக நீதிமன்றம்வரை போய் நின்ற சான்று, செத்துக் கிடந்த பறவைகளை எண்ணியதில் கிடைத்தது.

ராஜஸ்தானில் கானமயிலைக் கோடாவண் என்கிறார்கள், அந்த மாநிலத்தின் பறவை. ஆண் பறவை ஒரு மீட்டர் உயரம் நிற்கும், 15 கிலோவரை எடை வரும். பறக்கும் பறவைகளில் இவ்வளவு கனமானவை உலகத்திலேயே மிகக் குறைவு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் எதிரே தெரியும் பரப்பு குறுகல். பறந்தபடியே தரையைப் பார்க்கத் தலையைத் தாழ்த்தினால் முன்னால் இருப்பது தெரியாமலே போகலாம். கம்பி கண்ணில் படும்போது மிக அருகில் வந்துவிட்டிருக்கும். பாரம் ஏற்றிய லாரியைச் சட்டென்று ஒடிக்க முடியாதே, அதுதான் இதற்கும். காற்றாலையும் சோலார் பூங்காவும் பெருகப் பெருக, மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் கம்பிகளும் அது பறக்கும் வழியெங்கும் பெருகின.

டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தாரில் 80 கி.மீ. நீள மின்பாதையை ஓராண்டில் ஏழு முறை நடந்து தேடியபோது, சுமார் 40 இனங்களைச் சேர்ந்த 289 சடலங்கள் கிடைத்தன. அதை வைத்து, பாலைவன தேசியப் பூங்காவைச் சுற்றியுள்ள 4,200 சதுர கி.மீ. பரப்பில் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் சாகக்கூடும் என்று மதிப்பிட்டார்கள். 289 எப்படி 84,000 ஆகும் என்று பலரும் கேட்பார்கள். விழுந்த பறவையை இரவோடு இரவாக நாயும் நரியும் இழுத்துப் போய்விடும், மிஞ்சியதில் ஒரு பகுதி தேடுபவர் கண்ணுக்குத் தப்பும். இதை அளப்பதற்கென்றே சடலங்களை நாமே வைத்து, எத்தனை நாளில் மறைகின்றன என்று பார்க்க வேண்டும். தேடுபவருக்குச் சொல்லாமல் சிலவற்றைப் போட்டு, எத்தனையைக் கண்டுபிடிக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். நாற்றம் பிடித்த, அலுப்பான வேலை. இதைப் பொறுமையாகச் செய்பவரைத்தான் நான் நல்ல உயிரியலாளர் என்பேன். இந்தத் திருத்தம் இல்லாத எண்ணை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார்.

உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில், இந்தப் பறவை வாழும் பகுதிகளில் மின்பாதைகளை நிலத்தடிக்கு மாற்ற உத்தரவிட்டது. சுமார் 99,000 சதுர கி.மீ. முழுவதற்கும் அதைச் செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அரசு முறையிட, 2024 மார்ச்சில் உத்தரவைத் திருத்தி நிபுணர் குழு அமைத்தது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். வெப்பம் ஏறிக்கொண்டே போவதை மணலில் நிற்பவனைவிட யார் அறிவார்? எந்தப் பாதையைத் திருப்பலாம், எதைப் புதைக்கலாம், எங்கே கம்பியில் எச்சரிக்கைத் தட்டு தொங்கவிட்டால் போதும் என்று கம்பி கம்பியாகச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் வர வேண்டும்.

கானமயிலின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது என்றால், அது வழக்கமாக ஒரு முட்டைதான் இடும். 2018ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் தாரில் சுமார் 128தான் இருந்தன. கட்ச் பகுதியிலோ ஒருசில பெண் பறவைகள் மட்டும் மிஞ்சின. 2019 முதல் காட்டு முட்டைகளை எடுத்து இன்குபேட்டரில் வைத்து, சம் என்ற ஊரில் உள்ள மையத்தில் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில், ராம்தேவ்ரா மையத்தில் இருந்த ஆணின் விந்தைச் சுமார் 200 கி.மீ. தள்ளி சம் மையத்துப் பெண்ணுக்குச் செலுத்தி முதல் செயற்கைக் கருவூட்டல் குஞ்சு பொரிந்தது. அந்தச் செய்தியில் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் குஞ்சு வளர்ந்தால் அதை எந்த நிலத்தில் விடுவது? அந்தக் கேள்விக்கு இன்குபேட்டர் பதில் சொல்லாது.

பதில் ஆடு மேய்ப்பவர்களிடம் இருக்கிறது. ஜெய்சல்மேர் கிராமங்களில் ஓரண் என்று சாமிக்கு விட்ட மேய்ச்சல் நிலங்கள் உண்டு. மரம் வெட்ட மாட்டார்கள், ஏர் ஓட்ட மாட்டார்கள். சேவண் புல்லும், நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் அதே வன்னியும், இலந்தையும் அங்கே நிற்கும். பறவைக்கும் மாட்டுக்கும் ஒரே நிலம். வருவாய்க் கணக்கில் பல ஓரண்கள் தரிசு என்றே பதிவாகியிருப்பதால், திட்டம் ஒன்று வந்தால் முதலில் போவது அவைதான். அதனால் உங்கள் குறிப்பேட்டில் பறவைக்கு ஒரு பக்கம் என்றால் நிலத்தின் சர்வே எண்ணுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேய்ப்பரிடம் மார்வாடியில் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் தரும் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை கேள்வி கேட்காதீர்கள். எங்கே கானமயில் நின்றது, எந்தக் கிணற்றடியில் நாய்க் கூட்டம் பெருகியது என்பது உங்கள் கேமராவுக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியும்.

களத்தில் சில விஷயங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது. தடம் பார்ப்பதென்றால் விடியலில் பாருங்கள், காற்று எழுந்தால் மணல் எல்லாவற்றையும் அழித்துவிடும். வண்டியைவிட நடந்து வரும் மனிதனைக் கண்டுதான் கானமயில் அதிகம் மிரளும், எனவே இறங்காமல் வண்டியிலிருந்தே பாருங்கள். கூட்டின் பக்கம் போகவே வேண்டாம். தாய் எழுந்து போன சற்று நேரத்தில் அண்டங்காக்கையோ நாயோ முட்டையை முடித்துவிடும், அந்த ஆண்டே வீணாகலாம். படம் எடுத்தால் இடத்தின் பெயரை வெளியில் போடாதீர்கள். போனில் எழுதிய குறிப்பை அன்றிரவே காகிதத்திலும் எழுதுங்கள், கோடையில் போன் பாதியில் அணைந்துபோகும்.

இதற்கெல்லாம் ஜெய்சல்மேர்வரை போய்த்தான் பழக வேண்டும் என்பதில்லை. செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. மதில்களைப் பற்றி நூறு பேர் எழுதுவார்கள். சுற்றியிருக்கும் பாறைக் குன்றுகளையும் முட்புதரையும் பற்றி எழுத நம் பிள்ளைகள்தான் வர வேண்டும், ஏனென்றால் இந்தப் புதர்க்காட்டையும் வெற்றுக் கல் என்றே பார்க்கிறார்கள். மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அருகிலுள்ள பக்கமலைக் காட்டில் தேவாங்கு உண்டு. இருளர் பெரியவர் ஒருவரை, அன்றைய கூலியைக் கொடுத்து, துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். வனத்துறை அனுமதியும் வாங்கிவிடுங்கள். தேவாங்கு தேடும் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள், வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது. ஒரே பாதையை மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில் நடந்து, ஒன்றும் தென்படாத இரவையும் தேதி போட்டு எழுதி, ஒரு பிரதியை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.