சரிசெய்த பிறகும் திரும்பி வரும் இணையக் கோளாறு: பழைய கணினி வைத்திருப்போருக்கு ஒரு பாடம்



நம் வீடுகளில் உள்ள கணினிகளில் பல, புதிதாக வாங்கியவை அல்ல. அலுவலகத்தில் கழித்துவிட்டவை, வளைகுடாவிலிருந்து வந்த மச்சான் கொடுத்துவிட்டுப் போனவை, செகண்ட் ஹேண்ட் கடையில் பேரம் பேசி வாங்கியவை. ஆனால் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, ஹஜ் விண்ணப்பம், பாஸ்போர்ட் என்று குடும்பத்தின் முக்கியமான வேலைகள் இவற்றில்தான் நடக்கின்றன. கடைசித் தேதியன்று இரவில் இணையம் நின்றுவிட்டால், ஒரு பிள்ளையின் ஓராண்டு உதவித்தொகையே கைநழுவிப் போகலாம்.

நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வருவோர் சொல்லும் முறையீடு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது: "செட்டிங்கைச் சரிசெய்தோம், நன்றாக ஓடியது. மறுநாள் பார்த்தால் அதே பிழை." சிலரிடம் "மிஷின் பழசு, புதுசு வாங்கிவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கடன் வாங்கிப் புதுக் கணினி வாங்கும் முன் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நாம் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். சரியாக வைத்த அமைப்பு தானாகக் கெடுவதில்லை. ஏதோ ஒன்று அதை மறுபடி கெடுக்கிறது. அந்த ஒன்று எது என்று கண்டுபிடிக்காமல் தினமும் சரிசெய்துகொண்டிருப்பது, ஓட்டுக்கூரை ஒழுகும்போது கீழே பாத்திரம் வைப்பதைப் போன்றது. ஓட்டை மாற்றும்வரை பாத்திரம் நிறைந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் செய்ய வேண்டியவை

கணினியைத் தொடுமுன் ஒரு கைப்பேசியை அதே வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். கைப்பேசியிலும் இணையம் வரவில்லை என்றால் கோளாறு ரூட்டரிலோ வெளி இணைப்பிலோ இருக்கிறது. கணினியில் எதையும் மாற்ற வேண்டாம். கைப்பேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால் மேலே படியுங்கள்.

அடுத்து, ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: பிழை வந்த நேரம், திரையில் வந்த வாசகம், அதற்குச் சற்று முன் நடந்தது. மின்சாரம் போய் வந்ததா, கணினியை அப்போதுதான் போட்டீர்களா, வீட்டில் எல்லோரும் இருந்தார்களா என்பதெல்லாம் முக்கியம். நான்கைந்து நாள் எழுதினால் ஓர் ஒழுங்கு தெரியும். அந்த ஒழுங்கே பாதி விடை.

எந்த அமைப்பையும் மாற்றுமுன் அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

முதல் காரணம்: ஒரே கதவு எண், இரண்டு வீடு

வீட்டு இணைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. அதை ஐபி முகவரி என்கிறோம். தெருவில் உள்ள வீடுகளுக்குக் கதவு எண் இருப்பதுபோல. வழக்கமாக ரூட்டர்தான் இந்த எண்களைக் கொடுக்கிறது. அதையும் வாடகைக்கு விடுவதுபோல ஒரு கெடுவைத்துக் கொடுக்கிறது.

அலுவலகத்தில் இருந்த கணினிகளில் சிலவற்றுக்கு, உதாரணமாக 192.168.1.10 என்று, நிலையான எண்ணை எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் கணினி நம் வீட்டுக்கு வந்த பிறகும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். ரூட்டருக்கு இது தெரியாது. கணினி அணைந்திருக்கும் நேரத்தில் அதே எண்ணை ஒரு கைப்பேசிக்குக் கொடுத்துவிடும். பிறகு கணினியைப் போட்டால் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடுகள். "ஐபி அட்ரஸ் கான்ஃப்லிக்ட்" என்ற வாசகம் வரும், அல்லது இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

இதன் அடையாளம் நேரம்தான். பகலில் கணினி நன்றாக ஓடும். மஃக்ரிபுக்குப் பிறகு எல்லோரும் வீடு திரும்பி, எல்லாக் கைப்பேசிகளும் வைஃபையில் சேர்ந்தவுடன் கோளாறு தொடங்கும். ரூட்டரை அணைத்துப் போட்டால் எண்கள் மாறி அமைந்து சில நாள் சரியாக இருக்கக்கூடும். பிறகு திரும்பவும் வரும்.

சரிசெய்யும் முறை: விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் என், சி, பி, ஏ, ஒரு புள்ளி, சி, பி, எல் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். இணைப்புகளின் பட்டியல் வரும். நீங்கள் பயன்படுத்தும் இணைப்பின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் செல்லுங்கள். அங்கே இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4 என்பதைத் தேர்ந்தெடுத்து, மறுபடி ப்ராப்பர்ட்டீஸ். எண்கள் எழுதப்பட்டிருந்தால் படம் எடுத்துக்கொண்டு, "அப்டெய்ன் ஏன் ஐபி அட்ரஸ் ஆட்டோமேட்டிக்லி" என்பதையும், அதன் கீழே டிஎன்எஸ் முகவரிக்கு உள்ள அதேபோன்ற வரியையும் தேர்ந்தெடுங்கள். ஓகே கொடுத்து மூடுங்கள்.

சரியானதா என்று பார்க்க, மீண்டும் விண்டோஸ் பொத்தானும் ஆரும் அழுத்தி, சி, எம், டி என்று அடியுங்கள். வரும் கறுப்புத் திரையில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளையும் சேர்த்து அடித்து என்டர் கொடுங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் 192.168 என்று தொடங்கும் எண் இருந்தால், பெரும்பாலான வீடுகளில் ரூட்டர் எண் கொடுத்துவிட்டது என்று பொருள். 169.254 என்று தொடங்கினால், கணினி கேட்டும் ரூட்டரிடமிருந்து பதில் வராததால் தானாகவே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், அல்லது வைஃபை கடவுச்சொல்லை மறுபடி கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது காரணம்: இடையில் நிற்கும் ஆள்

ப்ராக்ஸி என்று ஓர் அமைப்பு உண்டு. நம் கணினி இணையத்திடம் நேராகப் பேசாமல், இடையில் உள்ள வேறொரு கணினி வழியாகப் பேசுவது. அலுவலகங்களில் இதை நியாயமான காரணத்துக்காக வைத்திருப்பார்கள். அந்தக் கணினி வீட்டுக்கு வந்ததும், இடையில் இருந்த ஆள் இல்லாததால் "ப்ராக்ஸி சர்வர் பதில் தரவில்லை" என்ற பிழை வரும். வைஃபை முழுதாக இருப்பதாகக் காட்டும். ஒரு பக்கமும் திறக்காது.

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி என்று சென்று, "யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்" என்பதை அணைக்க வேண்டும். பழைய விண்டோஸ் 7-இல் கன்ட்ரோல் பேனல், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்ஷன்ஸ், லேன் செட்டிங்ஸ் என்று சென்று அந்தக் கட்டத்தில் உள்ள டிக்கை எடுக்க வேண்டும். வேலை செய்யும் நிறுவனத்துக்குச் சொந்தமான மடிக்கணினி என்றால் இதில் கை வைக்க வேண்டாம். அங்குள்ள பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

அணைத்தது அணைந்தபடியே இருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் கணினியை அணைத்துப் போட்டதும் ப்ராக்ஸி மறுபடி தானாக உயிர்பெற்றால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இலவசமாகக் கிடைத்த ஏதாவதொரு மென்பொருளோடு சேர்ந்து வந்த தீய நிரல், நம் இணையப் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் வங்கிக் கடவுச்சொல்லை அடிப்பது, முன்பின் தெரியாத ஒருவர் கையில் பணப்பையைக் கொடுத்து அனுப்புவதற்குச் சமம்.

அப்படியானால், யாரும் நிறுவாத, பெயர் தெரியாத மென்பொருள்களைக் கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்குங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் செய்யுங்கள். பிறகு வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு நல்ல கருவியிலிருந்து மாற்றுங்கள். அதன் பின்னும் ப்ராக்ஸி திரும்ப வந்தால், முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸையே புதிதாக நிறுவுவதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது காரணம்: நின்றுபோன கடிகாரம்

மேசைக் கணினிகளில் இதைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள். மதர்போர்டில் நாணயம் போன்ற சிறிய வட்ட பேட்டரி ஒன்று இருக்கும். பெரும்பாலானவற்றில் அது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. கணினிக்கு மின்சாரம் இல்லாதபோது தேதியையும் நேரத்தையும் காப்பாற்றுவது அதுதான். சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும்.

தேதிக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பாதுகாப்பான இணையப் பக்கம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். உங்கள் கணினி இன்னும் 2010 என்று நினைத்துக்கொண்டிருந்தால், "இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே" என்று கதவை மூடிவிடும். "யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்" என்ற எச்சரிக்கை வரும்.

இதன் அடையாளம், கோளாறு காலையில் வருவது. இரவில் பெரியவர்கள் சிக்கனத்துக்காகச் சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்துவிடுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் சுவிட்ச் போட்டிருக்கும்வரை வரும் சிறு மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம், அது நின்றதும் தீர்ந்துபோன பேட்டரியை நம்ப வேண்டியதாகிவிடுகிறது. காலையில் தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருக்கும். நீங்கள் கையால் மாற்றுவீர்கள். அன்று முழுவதும் ஓடும். மறுநாள் காலை அதே கதை.

திரையின் வலது கீழ் மூலையில் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். நேரம் மட்டும் சரியாக இருந்து ஆண்டு தவறாக இருக்கக்கூடும். தேதிதான் காரணம் என்றால் புதிய பேட்டரி வாங்கி மாட்டுங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே குறைந்த விலையில் கிடைக்கும். மாற்றும்போது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். கூட்டல் குறி உள்ள பக்கம் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். மாற்றிய பின் தேதியை ஒருமுறை சரியாக வையுங்கள். மடிக்கணினிகளில் இந்த பேட்டரி உள்ளே ஒயரோடு இருப்பதால் பழுதுபார்ப்பவரிடமே கொடுத்துவிடுங்கள். பழைய பேட்டரியைக் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் போடாதீர்கள். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். மேற்சொன்ன எச்சரிக்கை வரும்போது "பரவாயில்லை, உள்ளே போ" என்ற பொருளில் ஓர் இணைப்பு தெரியும். அவசரத்தில் அதை அழுத்திப் பழகாதீர்கள். காரணம் தேதியாக இருந்தால் தேதியைத் திருத்துங்கள். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், அந்தப் பக்கத்தில் ஆதார் எண்ணையோ வங்கி விவரத்தையோ கொடுக்க வேண்டாம்.

எப்போது நிறுத்திக்கொள்வது?

பழைய கணினியைக் காப்பாற்றுவது நல்லது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆதரவு முடிந்த கணினியில் பிள்ளைகள் தட்டச்சுப் பழகலாம், கணக்கு எழுதலாம், பாடம் பார்க்கலாம். பணப் பரிமாற்றத்தை மட்டும் அதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் கணினி தெரிந்த ஒருவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கே சொன்ன சோதனைகளைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யலாம். வீட்டிலுள்ள தாய்மார்களும் செய்யலாம். நேரத்தைக் கவனியுங்கள்: மாலையில் வந்தால் எண்ணைப் பாருங்கள், அணைத்துப் போட்டதும் வந்தால் ப்ராக்ஸியைப் பாருங்கள், காலையில் வந்தால் தேதியைப் பாருங்கள். மூன்றையும் பார்த்த பிறகும் தீரவில்லை என்றால், உங்கள் நோட்டையும் எடுத்த படங்களையும் கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். "என்னவோ ஆகிவிட்டது" என்று வருவதைவிட, எழுதிய நான்கு வரிகளோடு வந்தால் இன்ஷா அல்லாஹ் வேலை சீக்கிரம் முடியும். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே வாருங்கள்.