கருமாதி முடிந்து வேலைக்குப் போனால்…

கேள்வி: அப்பா இறந்து, கருமாதி முடிந்ததும் சேகோ ஆலை வேலைக்குத் திரும்பிவிட்டேன். களத்தில் ஜவ்வரிசி காயப்போடும்போது திடீரென்று கண் கலங்குகிறது. 'ஆம்பள அழலாமா?' என்கிறார் மேஸ்திரி. மனசு பலவீனமாகிவிட்டதா?
- ஒரு வாசகர், கெங்கவல்லி

பதில்: இல்லவே இல்லை. இழவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தாவது ஆற்றிக்கொள்கிறார்கள். ஆண்களையோ பந்தல் போடவும், சொந்தபந்தத்துக்குத் தகவல் சொல்லவும் விரட்டிவிடுகிறோம். அழ உங்களுக்கு நேரமே கிடைத்திருக்காது. அதுதான் இப்போது களத்தில் வருகிறது.

துக்கத்துக்கு 'ஐந்து கட்டம்' என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கிய நோயாளிகளை வைத்து; உங்களைப் போல உறவை இழந்தவர்களை வைத்து அல்ல.

மேஸ்திரியிடம் மறைக்காமல், 'அப்பா நெனப்பு வந்துருச்சுண்ணே, மூஞ்சி கழுவிட்டு வர்றேன்' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் மனுஷன் இளகிவிடுவார். அரவை இயந்திரத்துப் பக்கம் மட்டும் சில நாள் வேறு ஆளை விடச் சொல்லுங்கள். நினைப்பு வேறெங்கோ இருந்தால் கை போய்விடும்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால் 14416க்குப் போன் போடுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் அது, 2022 முதல் இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.