வேடம் பூண வேண்டியவர் யார்?

கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்தைக் காணாத குடும்பம் வேங்கிக்காலில் அரிது. விநாயகர், முருகர் தேர்கள் முன்செல்ல, அண்ணாமலையாரின் பெரிய தேர் மாட வீதியை நிறைத்துக்கொண்டு வரும். அம்மன் தேரின் வடத்தைப் பெண்களே பற்றி இழுப்பர். சண்டிகேசுவரர் தேர் சிறுவர்களுக்கு உரியது. அதே நாளில், அதே வீதிகளில், வேண்டிப் பிள்ளை பெற்றவர்கள் கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டிக் குழந்தையை அதில் கிடத்திச் சுமந்து வலம் வருவர். ஒரு குழந்தையின் பொருட்டு ஊரறிய வீதியில் நடப்பது நமக்குப் புதிதன்று.

அரிய நோயுற்ற குழந்தையின் சிகிச்சைக்காக அலங்கார ஊர்தி அமைத்தோ, வேடம் பூண்டோ ஊர்வலம் சென்று பொருள் திரட்டலாமா என்பதே இவ்விதழின் பாடம். திரட்டலாம். எனினும் அதனால் எவ்வளவு முடியும், எது முடியாது, அதில் யார் காட்சிப் பொருளாகலாம், யார் ஆகலாகாது என்பவற்றை அறிந்த பின்னரே இறங்க வேண்டும்.

முதலில் ஒரு நல்ல முன்மாதிரியைக் காண்போம். கருநாடக மாநிலம் உடுப்பிக்கு அருகில் கட்டபாடி என்றோர் ஊர் உண்டு. வேலூரை ஒட்டிய நம் காட்பாடி அன்று. ஒலி ஒற்றுமையே உள்ளது. அவ்வூரைச் சேர்ந்த ரவி கட்டபாடி என்பவர் கட்டடத் தொழிலாளி, நாட்கூலிக்கு உழைப்பவர். உடுப்பியில் கிருஷ்ண ஜெயந்தியும், அதன் மறுநாள் உறியடியுடன் நிகழும் தேர்த் திருவிழாவான விட்டில பிண்டியும் பெருங்கூட்டத்தை ஈர்ப்பவை. புலி வேடம் முதலிய பலவகை வேடங்கள் அந்நாள்களில் தெருவெங்கும் ஆடும். அக்கூட்டத்தின் நடுவே ரவி கட்டபாடி, திரைப்படங்களில் வரும் விந்தை உயிரினங்களைப் போன்ற வேடங்களைப் பூண்டு நண்பர்களுடன் நடந்தார். உண்டியலில் விழுந்த பணம் முழுவதும் நோயுற்ற ஏழைக் குழந்தைகளின் மருத்துவத்துக்குச் சென்றது. ஆண்டுதோறும் இவ்வாறு திரண்ட தொகை, காலப்போக்கில் ஒரு கோடி ரூபாயைக் கடந்தது.

தமிழர்க்கும் இம்முறை அந்நியமன்று. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாகவும் அரசனாகவும் குறவனாகவும் வேடமிட்டு, குழுவாக ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெற்று அம்மன் உண்டியலில் சேர்ப்பர். செல்வந்தரும் பிச்சைக்கார வேடம் தரித்துக் கையேந்துவதுண்டு. வேடம் அணிந்தவுடன் கூச்சம் அகல்கிறது. கொடுப்பவர்க்கும் முகம் சுளிக்கத் தோன்றுவதில்லை. இரப்பவர் தாழ்வதும் இல்லை.

உடுப்பியில் நடந்ததில் நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்று உண்டு. வேடம் பூண்டவர் நலமுள்ள ஆடவர். நோயுற்ற குழந்தை அன்று. மணிக்கணக்கில் ஒப்பனைக்கு அமர்ந்தவரும், வெயிலையும் மழையையும் தாங்கியவரும் அவரே. குழந்தை வீட்டில் இருந்தது.

இதனை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஊர்தியின் மேல் குழந்தையை அமர்த்தினால் பணம் மிகுதியாகச் சேரும் என்று அன்புடையவர்களே சொல்வர். சேரவும் கூடும். ஆயினும் தண்டுவடத் தசைச் சிதைவு நோயுற்ற குழந்தைக்கு இருமிச் சளியை வெளியேற்றும் ஆற்றலே குறைவு. கூட்டத்தில் தொற்றும் ஒரு சாதாரணச் சளி மூச்சுத் திணறலில் முடியலாம். ஒலிபெருக்கியும் பட்டாசும் புகையும் வலிப்பு உடைய குழந்தைகள் சிலருக்குத் தீங்கானவை. இவை உடலைப் பற்றியவை. மற்றொன்று, அக்குழந்தை வளரும். பத்து ஆண்டுகள் கழித்துப் பள்ளியில் தன் பழைய படத்தை ஒருவர் காட்டும்போது அதன் மனம் என்ன படும் என்பதைப் பெற்றோர் இன்றே எண்ண வேண்டும். படம் இன்றியமையாதது எனில், குழந்தை சிரிக்கும் படம் ஒன்றை, சிறிது காலத்துக்கு மட்டும் பயன்படுத்துக. குழாய்களோடு கிடக்கும் படம் வேண்டா.

அவ்வாறாயின் ஊர்தியில் எதனை அமைப்பது? அமெரிக்காவின் பாசடீனா நகரில் 1890 முதல் ஆண்டுப் பிறப்பையொட்டி ரோஜா அணிவகுப்பு நடைபெறுகிறது. அங்கு 2004 முதல் உறுப்பு தானத்தைப் போற்றும் ஊர்தி ஒன்று வருகிறது. தானம் அளித்து மறைந்தோரின் முகங்களைப் பூவிதழ், விதை, தானியம் ஆகியவற்றால் வரைந்து அதில் வைப்பர். அது உண்டியல் ஏந்துவதில்லை. ஒரு செய்தியை மக்கள் மனத்தில் பதிக்கிறது. நாமும் ஊர்தியைச் செய்திக்கு உரிய இடமாகக் கொள்ளலாம். அரிய நோய்களில் பெரும்பாலானவை மரபணு வழி வருபவை. தண்டுவடத் தசைச் சிதைவு, காச்சர், பாம்பே போன்ற நோய்களில் தாய் தந்தை இருவருமே குறையுள்ள மரபணு ஒன்றைத் தாம் அறியாமலே சுமப்பர். இருவரும் நலமாகவே இருப்பர். அத்தகையோர்க்கு ஒவ்வொரு பேறுகாலத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரலாம். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் உள்ள நம் பகுதியில் இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்புக் கூடுதல். இதனைப் பொம்மைகளாலும் நான்கு தொட்டில்களாலும் ஊர்தியில் காட்டிவிடலாம். மருமகளைப் பழிக்கும் ஒரு மாமியாரேனும் அதனைக் கண்டு வாயடைத்தால், அன்று உண்டியலில் விழுந்ததைவிட அது பெரிது என்பது எம் எண்ணம்.

இனி, கணக்கு. உடுப்பியில் பல ஆண்டுகளில் பல குழந்தைகளுக்காகச் சேர்ந்த தொகை ஒரு கோடிக்கு மேல். தண்டுவடத் தசைச் சிதைவுக்கு ஒரே முறை செலுத்தப்படும் சோல்ஜென்ஸ்மா என்னும் மரபணு மருந்துக்கு 2019இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதன் விலை நம் பணத்தில் ஏறத்தாழ 16 கோடி ரூபாயாக இருந்தது. காச்சர், பாம்பே நோய்களுக்கான நொதி மருந்துகள் வாழ்நாள் முழுதும் செலுத்த வேண்டியவை. அளவு உடல் எடையைப் பொறுத்தது. ஆகவே குழந்தை வளர வளரச் செலவும் வளரும். இத்தகைய சிகிச்சையை ஓர் ஊர்வலத்தின் உண்டியல் தாங்காது. இதனை முன்னரே அறியாத குடும்பம், ஊர்வலம் முடிந்த இரவில் பணத்தை எண்ணிவிட்டு மனமுடைந்து போகும்.

விதிவிலக்குகள் உண்டு. 2021இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு 18 கோடி வேண்டப்பட்டது. சில நாள்களிலேயே 46 கோடிக்கும் மேல் குவிந்தது. அதே ஆண்டு நம் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கும் நன்கொடையால் அம்மருந்து கிடைத்தது. பல கோடி இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. இவை கைப்பேசி வழியே நாடெங்கும் பரவிய வேண்டுகோள்களின் விளைவு. ஒரு குழந்தைக்குக் குவிந்தது, அடுத்த தெருக் குழந்தைக்குக் குவிவதில்லை. கண்ணூரின் பாடம் வேறொன்றும் உண்டு: மிஞ்சிய பணம் யாருக்கு என்பதைத் தொடங்குமுன் எழுதி வைத்துவிட வேண்டும்.

ஆகவே கோடிகளுக்கு அரசின் வழியையே முதலில் நாடுக. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வெளியானது. 2022 மே மாதம் முதல், அதன் பட்டியலிலுள்ள நோய் உடையவர்க்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். பணம் குடும்பத்தின் கைக்கு வாராது. நோயாளி பதிவு செய்துகொண்ட சிறப்பு மையத்துக்கே செல்லும். நமக்கு எட்டும் தொலைவில் பெங்களூரு இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையமும், சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் அத்தகைய மையங்கள். குறிப்பிட்ட நோயாளிக்கென்றே பொதுமக்கள் பணம் செலுத்த மத்தியச் சுகாதார அமைச்சகம் வலைத்தளம் ஒன்றையும் நடத்துகிறது. பட்டியலிலுள்ள நோய்களுக்குச் சொந்தப் பயன்பாட்டுக்காக இறக்குமதி செய்யும் மருந்துகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் சுங்க வரி இல்லை. விலையே குறைவதும் உண்டு: தண்டுவடத் தசைச் சிதைவுக்கு வாய்வழி கொடுக்கும் ரிஸ்டிப்லாம் மருந்தின் இந்தியத் தயாரிப்பு, நீண்ட வழக்குக்குப் பின் 2025 அக்டோபரில், முந்தைய விலையின் சிறு பகுதிக்கு விற்பனைக்கு வந்தது. எம்மருந்து யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டுவோர்க்கு 50 லட்சமும் ஒருநாள் தீரும். அவ்வச்சத்தோடு வாழும் குடும்பங்களை நாம் அறிவோம். இவ்விடத்தில் இங்கிலாந்தின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பல ஊர் மருத்துவமனைகள் மருத்துவமனை ஞாயிறு, மருத்துவமனை சனி என்று நாள் குறித்து மக்களிடம் பணம் திரட்டின. அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலங்கள் பல நகரங்களில் நடந்தன; வேடமிட்ட இளைஞர்கள் உண்டியல் குலுக்கினர். அவர்கள் திரட்டியது ஒரு நோயாளிக்காக அன்று, ஊரின் படுக்கைகள் அனைத்துக்குமாக. 1948 ஜூலை 5 அன்று தேசிய நலச் சேவை தொடங்கியதும் மருத்துவமனைகளை நடத்தும் பொறுப்பை அரசின் வரிப்பணம் ஏற்றது. ஊர்வலப் பழக்கம் மட்டும் சில இடங்களில் எஞ்சியது. பிரிட்ஜ்வாட்டர் நகரில் இன்றும் நவம்பரில் ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒளிரும் ஊர்திகள் அறப்பணிகளுக்கு நாணயம் திரட்டிச் செல்கின்றன. ஊர்வலம் நடத்தும் நாமும், கையில் உண்டியலோடு அரசுக்கு எழுதும் மனுவில் கையெழுத்துப் பெறும் தாளையும் ஏந்தலாம்.

அப்படியாயின் ஊர்வலப் பணம் எதற்கு உதவும்? அரசுத் திட்டங்கள் தொடாத, அல்லது முழுமையாக ஈடுசெய்யாத செலவுகள் பல. மரபணுப் பரிசோதனை, அடுத்த குழந்தைக்கான மரபணு ஆலோசனை, பெங்களூருக்கும் சென்னைக்கும் மாதந்தோறும் போய்வரும் செலவு, அங்குத் தங்கும் வாடகை, இயன்முறை சிகிச்சை, இரவில் மூச்சுக்கு உதவும் கருவி, சக்கர நாற்காலி, உடன் இருப்பவர் இழக்கும் கூலி. பெரிய மருந்து வரும்வரை குழந்தையைத் தளராமல் காப்பவை இவையே. ஓர் ஊர் மனம் வைத்தால் சில லட்சங்களில் இவற்றை நிறைவேற்றலாம். இலக்கை இவ்வாறு வகுத்து அறிவித்தால் மக்கள் நம்பிக் கொடுப்பர். "16 கோடி தேவை" என்ற பலகையின் முன் நூறு ரூபாயோடு நிற்பவர் தம் பணம் எதற்காகும் என்று தயங்குவார்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாச் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டனர். ஊர்தியின் உயரத்தை அளந்து, செல்லும் வழியெங்கும் கம்பிகளைப் பகலிலேயே பார்த்து, மின்வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்து இசைவு பெற்ற பிறகே வண்டி நகர வேண்டும். இரும்புச் சட்டத்தின் மேல் யாரும் ஏறி நிற்கலாகாது. கிரிவல நாளில் வேண்டா. அக்கூட்டத்தில் ஆம்புலன்சுக்கே வழி கிடைப்பது கடினம்.

பணத்தைக் கையாள்வதில் உறவினர்மேல் வைக்கும் நம்பிக்கை போதாது. உண்டியல்கள் முத்திரையிட்டு எண் இடப்பட வேண்டும். குடும்பத்தைச் சாராத இருவர் முன்னிலையில் திறந்து, அன்றே எண்ணி, தொகையை எழுதிப் பொதுவில் ஒட்டுக. கியூஆர் அட்டையின் மேல் வேறோர் அட்டையை ஒட்டிவிடும் திருடர்கள் உளர். மணிக்கு ஒருமுறை வருடிப் பார்த்துப் பெயரைச் சரிபார்க்க ஒருவரை அமர்த்துக. கூடுமானால் பணம் நோயாளியின் பெயரில் மருத்துவமனைக் கணக்குக்கே நேராகச் செல்லட்டும். வருமான வரிச் சலுகை தரும் அறக்கட்டளை வழியாகப் பெறுவதாயின், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு அச்சலுகை இல்லை என்பதைக் கொடுப்பவர்க்கு முன்னரே சொல்லிவிடுக.

ஆண்டுதோறும் பிப்ரவரியின் இறுதி நாள் உலக அரிய நோய் நாள். பெங்களூரில் அதனையொட்டி, அரிய நோய்கள் ஏறத்தாழ 7,000 என்பதைக் குறித்து 7 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடத்தப்பட்டு வருகிறது. நம் ஊரிலும் அந்நாளைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அதற்குக் காத்திராமல் இவ்வாரமே செய்யத்தக்கது ஒன்று உண்டு. நம் வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறுகிறது. நோயின் பெயரைத் தெளிவாக எழுதிய மருத்துவர் சான்று, மரபணு அறிக்கை, குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றின் நகல்களோடு ஒரு பக்க மனுவை எழுதிக்கொண்டு காலையிலேயே செல்க. மனு எண்ணைப் பெறாமல் திரும்பற்க.