மேட்டுநிலக் கோட்டைகளும் தீவும்

ஐரோப்பாவின் வடமேற்கு ஓரத்தில் அமைந்த பிரித்தானியப் பெருந்தீவின் வடபகுதி ஸ்காட்லாந்து. அதன் வடக்கிலும் மேற்கிலும் மலைகளும் நீண்ட ஏரிகளும் நிலத்துள் புகுந்த கடற்கழிகளும் நிறைந்துள்ளன. அந்நிலப்பரப்பை ஹைலேண்ட்ஸ் என்பர். தமிழில் மேட்டுநிலம் எனலாம். அதனை அடுத்த மேற்குக் கடலில் சிறிதும் பெரிதுமாகப் பல தீவுகள் கிடக்கின்றன. இங்குள்ள கோட்டைகளையும் தீவுகளையும் காண உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.

பேருந்தில் கூட்டமாகச் செல்வோர் ஒருபுறம் இருக்க, ஒரு வண்டியையும் வழிகாட்டியையும் தமக்கெனவே அமர்த்திக்கொண்டு நான்கைந்து நாள் சுற்றுவோரும் உளர். பெரும்பாலும் வழிகாட்டியே ஓட்டுநர். மேட்டுநிலச் சாலைகள் பல ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க அகலமுடையவை. எதிர்வரும் வண்டிக்கு வழிவிட இடையிடையே சிறு ஒதுக்கிடங்கள் உண்டு. அங்கே யார் ஒதுங்கி நிற்பது என்பது முதல், தொலைவில் தெரியும் இடிந்த சுவர் யாருடையது என்பது வரை வழிகாட்டி அறிந்திருத்தல் வேண்டும். ஜூன் மாதத்தில் பகற்பொழுது ஏறத்தாழ 18 மணி நேரம் நீள்வதால், விரும்பிய இடத்தில் நின்று பார்க்கப் போதிய காலமும் கிடைக்கிறது.

குலத்தலைவர்களின் நாடு

இன்வர்னஸ் நகரில்தான் இத்தகைய பயணங்கள் பல தொடங்குகின்றன. நகருக்குக் கிழக்கே கலோடன் என்னும் புதர்வெளி உள்ளது. கோட்டைகளைக் காணப் புறப்பட்டவர்களை வழிகாட்டிகள் முதலில் இந்த வெற்றுவெளிக்கு அழைத்துவருவது பொருத்தமே. இதனை அறியாதவர்க்குக் கோட்டைகள் வெறும் கற்குவியல்களாகவே தோன்றும்.

மேட்டுநில மக்கள் நெடுங்காலம் குலங்களாக வாழ்ந்தனர். குலத்தலைவர் நிலம் தருவார். குலத்தார் அவருக்காகப் போரிடுவர். தலைவரே நீதி வழங்குபவராகவும் இருந்தார். மக்கள் பேசியது கேலிக் மொழி. பிரித்தானிய அரியணை தம் மரபுக்கே உரியது என உரிமை கோரிய சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டுக்குத் துணையாகக் குலத்தார் பலர் எழுந்தனர். 1746 ஏப்ரல் 16ஆம் நாள் கலோடனில் அரசுப்படை அவர்களை எதிர்கொண்டது. ஒரு மணி நேரத்திற்குள் போர் முடிந்தது. இளவரசர் பக்கத்தில் இறந்தோர் ஏறத்தாழ 1,500 பேர். அதன்பின் மேட்டுநில ஆடவர் தம் மரபுடையை அணியச் சட்டம் தடைவிதித்தது. 1782வரை அத்தடை நீடித்தது. தலைவர்களின் நீதி அதிகாரமும் பறிக்கப்பட்டது. வாளால் காத்த குலத்தாரின் தேவை தலைவருக்கு இல்லாதுபோயிற்று. நிலத்தின் வருவாய் மட்டுமே தேவையாயிற்று.

கலோடனிலிருந்து தென்மேற்கே செல்லும் சாலை, நெஸ் ஏரியின் கரையை ஒட்டிச் செல்கிறது. ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளமும் 230 மீட்டர் ஆழமும் உடைய ஏரி இது. இதில் வாழ்வதாகச் சொல்லப்படும் விந்தை விலங்கைப் பற்றியே பலரும் கேட்பர். கரையில் நிற்கும் அர்க்கார்ட் கோட்டையோ அதனினும் சுவையான செய்தியைச் சொல்லும். பகைவர் கையில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, 1692இல் அங்கிருந்து வெளியேறிய அரசுப்படையினரே அதனை வெடிவைத்துத் தகர்த்தனர்.

மேற்கே மூன்று கடற்கழிகள் கூடுமிடத்தில், சிறு தீவொன்றின்மீது எய்லன் டோனன் கோட்டை நிற்கிறது. ஸ்காட்லாந்தைப் பற்றிய நாட்காட்டிகளில் இதன் படத்தை அடிக்கடி காணலாம். நூற்றாண்டுகள் பல கண்ட பழங்கோட்டை எனக் காண்போர் வியக்கின்றனர். உண்மையில், 1719இல் போர்க்கப்பல்கள் பீரங்கியால் தாக்கியபின் இருநூறு ஆண்டுகள் இஃது இடிபாடாகவே கிடந்தது. 1911இல் இதனை வாங்கிய ஜான் மக்ரே கில்ஸ்டிராப் திருப்பிக் கட்டத் தொடங்கினார். பணி 1932இல் நிறைவுற்றது. கரையையும் கோட்டையையும் இணைக்கும் அழகிய கற்பாலமும் அக்காலத்ததே. இதனால் கோட்டையின் அழகு குறைந்துவிடவில்லை. எனினும், பழமை என்று கருதுவதில் எவ்வளவு பழையது என்று கேட்கும் பழக்கம் பயணிக்கு நல்லது.

ஸ்கை தீவு

எய்லன் டோனனுக்கு அப்பால் சிறிது தொலைவில், 1995இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியாக ஸ்கை தீவை அடையலாம். தீவின் தென்பகுதியில் கூலின் மலைகள் கரும்பாறை முகடுகளாய் எழுகின்றன. மிக உயர்ந்த முகடு 992 மீட்டர். ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகளால் உருவான நிலம் இது. வடக்கே, வலுக்குன்றிய படிவுப் பாறைகளின்மேல் எரிமலைக் குழம்பு உறைந்த கனத்த பாறைகள் அமர்ந்தன. கீழுள்ளவை சுமை தாங்காது சரிந்தன. ஸ்டோர் குன்றின் அருகே தனித்து நிற்கும் நெடும்பாறையும், குவிராங்கின் பிளவுண்ட சரிவுகளும் அவ்வாறு தோன்றியவை. குவிராங்கில் நிலம் இன்றும் சிறிது சிறிதாக நகர்வதால், அங்குள்ள சாலையை அவ்வப்போது செப்பனிட வேண்டியுள்ளது.

தீவின் வடமேற்கில் உள்ள டன்வேகன் கோட்டையில் மக்லவுட் குலத்தலைவர்கள் ஏறத்தாழ 800 ஆண்டுகளாக வாழ்ந்துவருகின்றனர். தேவதை அளித்ததாகக் கூறப்படும் பழைய பட்டுக்கொடி ஒன்று அங்கே காட்சிக்கு உள்ளது.

தீவுக் காட்சிகளில் மிகுதியும் புகழப்படுவது அதன் தனிமை. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வீடில்லை, ஆளில்லை, புல்வெளியில் ஆடுகள் மட்டுமே மேய்கின்றன. இஃது இயற்கையின் தூய கோலம் என்றே பயணி எண்ணுகிறார். 1841இல் ஸ்கை தீவில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 23,000 பேர். 2011இல் ஏறத்தாழ 10,000 பேர். அந்தத் தனிமை இயற்கை தந்ததன்று.

போரெரெய்க்

தீவின் தென்கரையில் போரெரெய்க் என்னும் சிற்றூர் இருந்தது. அங்குச் செல்லச் சாலையில்லை. மேய்ச்சல் நிலத்தின் ஊடாகச் சில மணி நேரம் நடக்க வேண்டும். அட்டவணைப்படி ஓடும் பேருந்துகளுக்கு அதற்கு நேரமில்லை. தமக்கென வழிகாட்டியை அமர்த்திக்கொண்டவர்களால் செல்ல இயலும். அத்தகைய பயணத்தின் உண்மையான பயன் சொகுசு இருக்கையில் இல்லை. இவ்வாறு ஒரு நாளை ஓர் ஊருக்கென ஒதுக்க முடிவதில்தான் உள்ளது.

அங்கே எஞ்சியிருப்பவை கூரையற்ற கற்சுவர்கள். வாயிற்படிகளும் உழுத வரப்புகளின் தடமும் தெரிகின்றன. கம்பளி ஆடுகளுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் உழவர் தரும் வாரத்தைவிட மிகுதியான வருவாய் கிடைக்கும் என்று நிலவுடைமையாளர்கள் கணக்கிட்டனர். மேட்டுநிலமெங்கும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே குடிகளை வெளியேற்றத் தொடங்கினர். 1846இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியபின் வறுமையும் சேர்ந்துகொண்டது. போரெரெய்க்கும் அடுத்த ஊரான சுஷ்னிஷும் 1853இல் வெறுமையாக்கப்பட்டன. பாறைகளை ஆராயத் தீவுக்கு வந்திருந்த நிலவியலறிஞர் ஆர்ச்சிபால்ட் கெய்க்கி, சுஷ்னிஷ் மக்கள் அழுதவாறு ஊரைவிட்டுச் சென்றதை நேரில் கண்டு எழுதிவைத்துள்ளார். வெளியேறியோர் பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினர். அவர்களோடு கேலிக் மொழியும் போயிற்று. 2011 கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தில் அம்மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 57,000 பேரே.

எல்லோரும் வாளாவிருந்தனர் என்று கருதுவதற்கில்லை. தீவின் கிழக்குக் கரையிலுள்ள பிரேஸ் பகுதியின் உழவர்கள், தம் பழைய மேய்ச்சல் மலையைத் திரும்பத் தருமாறு கேட்டு வாரம் கொடுக்க மறுத்தனர். 1882 ஏப்ரலில் கிளாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 50 காவலர் அனுப்பப்பட்டனர். பெண்கள் முன்னின்று கல்லெறிந்து அவர்களை எதிர்த்தனர். அடுத்த ஆண்டு அரசு அமைத்த விசாரணைக் குழு தன் முதல் அமர்வைப் பிரேஸிலேயே நடத்தியது. 1886ஆம் ஆண்டுச் சட்டம், முறையாக வாரம் செலுத்தும் சிறுகுடியானவரை நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது என்ற காப்பை அளித்தது. தீவில் இன்று மக்கள் வாழும் சிற்றூர்கள் பல நிலைபெற்றதற்கு அச்சட்டமும் ஒரு காரணம்.

கடலுக்கு அப்பால்

ஸ்கையின் வடகரையில் நின்றால், வானம் தெளிந்த நாளில் லூயிஸ் தீவு கோடாகத் தெரியும். அங்குள்ள ஸ்டோர்னவே நகரில் பிறந்தவரே காலின் மெக்கன்சி. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகிய இவர் தென்னாட்டில் திரட்டிய சுவடிகளின் ஒரு பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. வறிய மேட்டுநிலத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் அக்காலத்தில் இந்தியாவுக்கு வேலை தேடி வந்தவர் பலர்.

அவர்களுள் மற்றொருவரின் சுவடு, பயணத்தின் இறுதி நாளில், இன்வர்னஸுக்கு வடக்கே காணக் கிடைக்கிறது. 453 மீட்டர் உயரமுள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில், நடுவே வளைவுகளும் இருபுறமும் தனித்தூண்களுமாக ஒரு கற்கட்டடம் நிற்கிறது. கதவில்லை, மதிலில்லை, உள்ளே செல்லக் கோட்டையுமில்லை. அது நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் உருவம் என்பர். 1781இல் டச்சுக்காரரிடமிருந்து நாகையைக் கைப்பற்றிய ஹெக்டர் மன்றோ இதனைக் கட்டச்செய்தார். பக்சார்ப் போரில் வென்ற தளபதியும் இவரே. வேலையற்றிருந்த தம் பகுதி மக்களுக்குக் கூலி கிடைக்கவே இப்பணியை அவர் தொடங்கினார் என்றும், கூலிநாள் நீளும்பொருட்டு மேலேறிய கற்களை மீண்டும் கீழே உருட்டிவிடச் செய்தார் என்றும் ஊரார் சொல்வதுண்டு. 1792இல் இதே ராஸ் பகுதியின் உழவர்கள், தம் நிலத்தில் புகுத்தப்பட்ட ஆட்டு மந்தைகளை ஒன்றுதிரட்டி வெளியே ஓட்ட முயன்று, படைவீரர்களால் தடுக்கப்பட்டனர். அவ்வாண்டை மக்கள் ஆடுகளின் ஆண்டு எனக் கேலிக் மொழியில் அழைத்தனர்.

குன்றேறிய பயணிகள் அவ்வாயிலின் வளைவினூடே கீழே நோக்குகின்றனர். கிராமர்ட்டி கடற்கழியும் அதன் கரையிலுள்ள வயல்களும் ஊர்களும் தெரிகின்றன. பின்புறம் திரும்பினால் மேற்கே மலைகள். அவற்றின் மடிப்புகளில் வீடுகள் அரிதாகவே தென்படுகின்றன.