டீசல் எஞ்சின் இயங்க மறுத்தால் கமக்காரர் கவனிக்க வேண்டியவை

வாய்க்காலில் நீர் திறக்கும் முறை வந்துவிட்டது, உழவோ முடியவில்லை. அதிகாலையில் உழவு யந்திரத்தை இயக்கச் சென்றால் எஞ்சின் இயங்க மறுக்கின்றது. அல்லது, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவிலேயே புறப்பட வேண்டிய மரக்கறி லொறி, மூட்டைகளுடன் முற்றத்தில் நின்றுவிடுகின்றது. இத்தகைய வேளையிற் பதற்றமடைந்து ஸ்ராட்டரை இடைவிடாது இயக்குவதே பலர் விடும் முதற் பிழையாகும். அதனாற் பற்றறியும் வலுவிழந்து, சிறிய குறை பெருஞ் செலவாக மாறுகின்றது. கீழே கூறப்படும் ஒழுங்கிற் சோதித்துப் பார்த்தால், பெரும்பாலான குறைகளைக் கமக்காரர் தாமே கண்டுகொள்ளலாம்.

எஞ்சின் இயங்கும் விதம்

டீசல் எஞ்சினில், பெற்றோல் எஞ்சினிற்போல மின்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. சிலிண்டரினுள் இழுக்கப்படும் காற்று, அதன் பருமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கப்படுகின்றது. அதனாற் காற்று மிகவும் சூடேறுகின்றது. அச்சூட்டினுள் நுண்டுளிகளாகப் பீச்சப்படும் டீசல் தானாகவே தீப்பற்றுகின்றது. ஆகவே, எஞ்சின் இயங்குவதற்கு மூன்று வேண்டும்: போதிய வேகத்திற் சுழற்சி, சுத்தமான எரிபொருள், நன்கு அமுக்கப்பட்ட காற்று. குறையையும் இம்மூன்றில் ஒன்றிலேயே தேடவேண்டும்.

முதலிற் பாதுகாப்பு

கியரை நடுநிலையில் வைத்துக் கைத்தடையை இழுத்துவிடுக. சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுக்க. உழவு யந்திரமாயின், பின்னாலுள்ள கருவியின் இணைப்பை விடுவிக்க. பற்றறிக்கு அருகிற் சுருட்டோ விளக்கோ கூடாது. அதிலிருந்து வெளிவரும் வாயு வெடிக்கும் தன்மையுள்ளது.

1. எஞ்சின் வேகமாகச் சுழல்கின்றதா?

முன் விளக்கை ஏற்றிவிட்டு ஸ்ராட்டரை இயக்குக. விளக்கு மங்கி அணையுமாயின் பற்றறி வலுவிழந்துள்ளது, அல்லது அதன் இணைப்புப் பழுது. விளக்கு மங்காது ஒளிர, எஞ்சின் அசையாதிருந்தால் ஸ்ராட்டரையோ அதன் ஆளியையோ சோதிக்க வேண்டும்.

பற்றறி முனைகளில் வெண்மையான அல்லது பச்சையான பொடி படிந்திருந்தால், அதுவே மின்னைத் தடுக்கும். கழித்தல் அடையாளமிட்ட முனையின் கம்பியை முதலிற் கழற்றி, அப்பச் சோடா கரைத்த இளஞ்சூட்டு நீரினாற் கழுவி, உலர்த்தி இறுக்குக. கழித்தல் முனையை இறுதியிற் பூட்டவேண்டும். நன்கு மின்னேற்றிய 12 வோல்ற்றுப் பற்றறி, ஓய்வில் ஏறக்குறைய 12.6 வோல்ற்றுக் காட்டும். பெரிய லொறிகள் சில 24 வோல்ற்றில் இயங்குவன. அவற்றுக்கும் 12 வோல்ற்று வாகனத்துக்கும் இடையே கம்பி கொடுத்தலாகாது.

2. புகைக்குழாயைப் பார்க்க

எஞ்சின் நன்கு சுழலும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைக் கவனிக்கச் சொல்க. புகையே இல்லையாயின் டீசல் சிலிண்டரை அடையவில்லை. வெண்புகை வருமாயின் டீசல் செல்கின்றது; ஆனால் தீப்பற்றவில்லை. மெதுவான சுழற்சி, ஹீற்றர் பிளக்கின் பழுது, டீசலில் நீர் கலந்திருத்தல், அமுக்கக் குறைவு என்பன அதற்குரிய காரணங்களாம்.

3. எரிபொருள்

தாங்கியில் டீசல் உண்டா, அதன் திருகு திறந்துள்ளதா, எஞ்சினை நிறுத்தும் இழுபிடி மீண்டும் உள்ளே தள்ளப்பட்டுள்ளதா எனப் பார்க்க. இழுபிடி வெளியே நின்றால் எரிபொருள் செல்லாது. பின்னர், வடிகட்டியின் அடியிலுள்ள கிண்ணத்திலிருந்து சிறிது டீசலைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து அசையாது வைக்க. நீர் இருப்பின் அது அடியிற் பிரிந்து நிற்கும்.

இதனை நான் இழப்பினாற் கற்றேன். 2022 ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாட்டின்போது பலர் பீப்பாக்களில் டீசலைச் சேமித்து வைத்தனர். அவ்வாண்டுப் பெரும்போகத்தில் ஒரு கமக்காரரின் உழவு யந்திரம் நின்றுவிட, என்னை அழைத்தார். நான் பற்றறியை மாத்திரம் பார்த்து, மின்னேற்றும்படி கூறிச் சென்றேன். பயனில்லை. பின்னர் அவர் அநுபவமற்ற ஒருவரைக் கொண்டு இன்ஜெக்சன் பம்பியைக் கழற்றுவித்தார். ஆறாம் நாள் மீண்டும் சென்று கிண்ணத்தைக் கழற்றினேன், அரைவாசி நீர். மூடி இறுகாத பீப்பாவினுள் மழைநீர் இறங்கியிருந்தது. அயலார் விதைத்து முடித்த பின்னரே அவர் உழத் தொடங்கினார். பிந்திய பயிருக்குக் கடைசி நீர் முறை எட்டவில்லை. குவளைச் சோதனைக்குச் செலவு எதுவுமில்லை. அதை முதல் நாளே செய்யாதது என் பிழை.

4. காற்றை வெளியேற்றுதல்

தாங்கி வெறுமையாகினாலும், வடிகட்டியை மாற்றினாலும் குழாய்களிற் காற்றுப் புகும். காற்று நுழைந்த பம்பி டீசலைத் தள்ளாது. பழைய முறை எஞ்சினில் பின்வருமாறு செய்க:

(அ) தாங்கியை நிரப்பி, வடிகட்டியின் மேலுள்ள காற்றுப் புரியாணியைத் தளர்த்துக.
(ஆ) கைப்பம்பியை அழுத்துக. நுரையுடன் வரும் டீசல் நுரையற்று வந்ததும் புரியாணியை இறுக்குக.
(இ) இன்ஜெக்சன் பம்பியிலுள்ள புரியாணியிலும் அவ்வாறே செய்க.
(ஈ) பின்னரும் இயங்காவிடின், இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, எஞ்சினைச் சுழற்றுக. டீசல் வெளிவந்ததும் இறுக்குக.

கசிவைக் கையினாற் தொட்டுப் பார்க்க வேண்டாம். உயர் அமுக்கத்திற் பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதெனினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள புதிய லொறிகளில் அமுக்கம் மிக உயர்ந்தது. அவற்றின் குழாய்களைத் தளர்த்தாது பயிற்சிபெற்ற மெக்கானிக்கிடம் விடுக.

5. காற்றும் அமுக்கமும்

வைக்கோற் தூசி அடைத்த காற்று வடிகட்டி எஞ்சினை மூச்சுத்திணற வைக்கும். அதனைக் கழற்றித் துப்புரவு செய்க. எண்ணெய் நிறைந்த வகையாயின், சேறு படிந்த எண்ணெயை மாற்றுக. இவை யாவும் சரியாயிருந்தும் எஞ்சின் இயங்காவிடின், வால்வு அல்லது பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். அது வேலைத்தலத்துக்குரிய காரியம்.

செய்யத் தகாதவை

ஸ்ராட்டரை ஒரே முறையிற் பத்து விநாடிக்கு மேல் இயக்கலாகாது. ஒரு நிமிடம் ஆறவிட்டே மீண்டும் முயல்க. காற்றுக் குழாயினுட் பெற்றோல் ஊற்றலாகாது. ஹீற்றர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் விசிறுவது வெடிப்புக்கு இடமளிக்கும். கைபிடியாற் சுழற்றும் எஞ்சினில், பெருவிரலை மற்றைய விரல்களின் பக்கமே வைக்க. எஞ்சின் பின்னுதைத்தாற் கை முறியும்.

வருமுன் காத்தல்

வேலை முடிந்த மாலையில் தாங்கியை நிரப்பிவிடுக. வெறுந் தாங்கியில் இரவுக் குளிரினால் நீர் படியும். பீப்பாவைக் கூரையின் கீழ், இறுகிய மூடியுடன் வைக்க. அடியிலுள்ள சிறிதளவு டீசலை எடுக்காது விட்டு, மெல்லிய துணியால் வடித்து ஊற்றுக. வடிகட்டியை நூலிற் கூறிய காலத்தில் மாற்றுக. போகம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னரே எஞ்சினை இயக்கிப் பார்க்க. அன்று காணும் குறைக்கு அவகாசம் உண்டு. நீர் திறந்த அன்று காணும் குறைக்கு அவகாசம் இல்லை.